இரண்டாவது வயலின்தான் தொடங்கும்

வெள்ளைக்காரர் சங்கீதம் மனசுக்கு அமைதி தரும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ரேடியோவில் கேட்கிறவர்களின் பேச்சு அது. வாசித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எழுதிவைத்த சுரத்தில் ஒன்றையும் தவறவிடாமல், பக்கத்தில் நிற்பவன் ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து ஓடிப் பார்த்தால் தெரியும். வாசித்து முடித்ததும் மடைச் சண்டைக்குப் போய் வந்த மாதிரி உடம்பு நடுங்கும்.

எனக்குப் பிடித்தவை நாலைந்துதான். ஒரு ராஜா ஆற்றில் படகு விட்டுப் போகும்போது, பின்னால் வேறொரு படகில் உட்கார்ந்து வாசிப்பதற்கென்று எழுதியது ஒன்று. குற்றாலத்தில் அதை வாசித்தால் அருவிச் சத்தத்தில் பாதி காதில் விழாது. அதனால் மரம் அறுக்கிறவர்கள் மாதிரி வில்லை அழுத்தி இழுப்போம். கனத்த தந்தி ஒன்றிலேயே முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிற மெதுவான பாட்டு ஒன்று. சாரல் காலத்தில் நரம்புத் தந்தி ஈரத்தில் ஊறி இளகிப்போகும். முறுக்கி ஏற்றினால் பட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும். என் இடது கன்னத்தில் இருக்கிற கோடு அந்தப் பாட்டு போட்டது. வியன்னாக்காரர் ஒருவர் எழுதிய சாயங்காலப் பாட்டு ஒன்று. அதைச் சிரித்த முகத்தோடு வாசிக்கவேண்டும் என்பார் எங்கள் மாஸ்டர். சிரிக்காதவனுக்குப் பிரம்படி. கவுன் போட்ட பெண்கள் கால் மாற்றிக் கால் வைத்து ஆடுகிற நடனப் பாட்டும் ஒன்று உண்டு. அது ஜமீன்தாருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, அதனால் அதை இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. செத்து இருநூறு வருஷம் ஆகப்போகிற ஒரு ஜெர்மன்காரர் இரண்டு வயலினுக்கென்று எழுதியது. மூன்று பாகம். அதில் முதல் வயலின் பெரியது, இரண்டாவது வயலின் எடுபிடி என்கிற பேச்சுக்கு இடமில்லை. பார்க்கப்போனால் இரண்டாவது வயலின்தான் தொடங்கும். தனியாக ஒரு வரியைச் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு, முதல் வயலின் அதே வரியை இன்னும் உயரத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டு உள்ளே வரும். அப்புறம் ஒன்றை ஒன்று விரட்டும். ஒன்று நிற்கிற இடத்தில் மற்றது பாயும். நடுப் பாகம் மெதுவானது. அங்கேயும் விரட்டல்தான், ஆனால் ஓடாமல் விரட்டுகிற விரட்டல்.

அதில் இரண்டாவது வயலின் நான். முதல் வயலின் வாசித்தவன் என் அப்பாவைக் கொன்ற வீட்டுப் பிள்ளை.

இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் இலத்தூருக்குப் பக்கத்தில். அவர்கள் ஊரும் பக்கத்தில்தான், நடுவில் ஒரு கால்வாய். இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. ஒரு கார் சாகுபடியில் தண்ணீர் முறைக்குத் தகராறு வந்தது. எங்கள் அப்பா மடையில் குனிந்து மண்ணை வாரி அடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த அவனுடைய சித்தப்பா, "மச்சான்" என்று கூப்பிட்டார். அப்பா நிமிர்ந்து திரும்பினார். கை நிறைய சேறு. திரும்பிய முகத்திலேயே அரிவாள் விழுந்தது. கஞ்சி கொண்டுபோன என் அம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கலயத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எடுக்கிற நிலையில் தலை இல்லை என்று பிறகு கோர்ட்டில் சொன்னாள்.

கோர்ட்டில் அவள் இன்னொன்றும் சொன்னாள். "கூப்பிட்டுத்தான் வெட்டுனான். அதை நான் மறைக்க மாட்டேன்." வக்கீலுக்கு அது புரியவில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புரியும். முதுகில் வெட்டுவது எங்கள் ஆட்களுக்கு இழுக்கு. முறை சொல்லிக் கூப்பிடவேண்டும், அவன் திரும்பவேண்டும், அப்புறம்தான் அரிவாளை ஓங்கலாம். இன்னொரு கட்டும் உண்டு. ஒரு சாவுக்கு ஒரு கூப்பாடுதான். கூப்பிட்டு, திரும்பியவன் தப்பிவிட்டாலும் சரி, கூப்பிட்டவனையே வெட்டிப் போட்டாலும் சரி, அந்தப் பழி அத்தோடு தீர்ந்தது. அதே சாவுக்கு அந்த வீட்டார் இரண்டாம் தடவை கூப்பிட முடியாது. கடையம் பக்கத்தில் ஒருவர் இப்படிக் கூப்பிடப்போய், எதிராளி திரும்பின வேகத்தில் கிணற்றில் குதித்துத் தப்பிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே சந்தையில் மாடு பிடித்தார்கள். சர்க்காருக்கு ஒரு சட்டம் என்றால் எங்களுக்கு இது.

வெட்டின அந்தச் சித்தப்பா ஜெயிலிலேயே பேதி கண்டு செத்துப்போனார். கூப்பிட ஆள் இல்லாமல் பழி அந்த வீட்டின் மேல் நின்றது. அந்த வீட்டில் வயசுக்கு வந்த ஆண் என்று மிஞ்சியவன் வயலின்காரன் ஒருவன்தான்.

நான் பாளையங்கோட்டையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வயலின் கைக்கு வந்தது. அவன் தென்காசிக்கு வந்துபோகிற நாடகக் கம்பெனிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துப் பழகியவன். யுத்தத்துக்கு முந்தின அந்த வருஷங்களில், எங்கள் பக்கத்து ஜமீன்தார் ஒருவருக்கு ஆசை வந்தது. சீசனுக்குக் குற்றாலம் வருகிற கலெக்டர்களும் துரைசானிமார்களும் தன் பங்களா வராந்தாவில் டீ குடிக்கும்போது, அவர்கள் ஊர்ச் சங்கீதத்தை நம் ஆட்கள் வாசிக்கவேண்டும். கோவாக்காரர் ஒருவரை மாஸ்டராகக் கொண்டுவந்தார். வயலின் தெரிந்தவன் எவன் இருந்தாலும் பிடித்துவா என்று ஆள் விட்டார். பிடித்துவந்ததில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

ஜமீன்தாருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். தெரிந்தே எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தார். துரைகளிடம் எங்களைக் காட்டி, "இந்த இரண்டு பேர் வீட்டுக்கும் ரத்தப் பகை" என்று அவர் சொல்வதும், அவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் புலிக்கூண்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

மாஸ்டர் ஒற்றைநாடி ஆள். கோபம் வந்தால் தமிழ், இங்கிலீஷ், அவர் பாஷை மூன்றும் சேர்ந்து வரும், கூடவே பிரம்பும் வரும். கிளாரினெட்காரரின் முன்பல் ஒன்று அந்தப் பிரம்பில்தான் போயிற்று. வயலின்காரர்களுக்கு மட்டும் விரலில் அடிக்கமாட்டார், முட்டிக்காலில் அடிப்பார். அவனுக்கு அதிகம் அடி விழும். நாடகத்தில் வாசித்த கை அல்லவா, ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும்போது வழுக்கிக்கொண்டு போவான். "நேரா போ மேன், நேரா! வழுக்காதே!" என்று மாஸ்டர் கத்துவார். அவன் நேராகப் போவான், அடுத்த வரியில் மறுபடியும் வழுக்குவான். எனக்கு அந்த வழுக்கலைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அப்பாவைக் கொன்ற வீட்டான் என்பதைவிட, அந்த வழுக்கலுக்காக அவனை நான் அதிகம் வெறுத்த நாட்கள் உண்டு.

நாங்கள் பேசிக்கொண்டதில்லை. வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. பகை வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்கிற வழக்கமும், அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. மற்றப் பாட்டுகளுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நோட்டுத் தாங்கி. பக்கம் முடிந்தால் ஒருவன் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பவேண்டும். அவன் திருப்புவான். நான் திருப்பமாட்டேன். தினமும் வயலின் பெட்டியை அவன் திறக்கும்போது, மூடிக்கு உள்பக்கம் பச்சைத் துணிக்கு அடியில் கைப்பிடி குட்டையான அரிவாள் ஒன்று செருகியிருப்பது எனக்குத் தெரியும். என் பெட்டியிலும் ஒன்று இருந்தது. வில்லுக்குப் பூசுகிற குங்கிலியக் கட்டியை எடுக்கும்போது அது கையில் தட்டும். ஒத்திகை முடிந்தால் அவன் கால்வாய்க் கரை வழியாக ஊருக்குப் போவான். நான் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வண்டிப் பாதையில் போவேன்.

அப்படிப்பட்ட எங்களுக்குத்தான் மாஸ்டர் அந்த இரண்டு வயலின் பாட்டைக் கொடுத்தார். அவருக்குப் பகையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்களைவிட்டால் அதை வாசிக்க அந்தப் பட்டாளத்தில் வேறு கை இல்லை, அவ்வளவுதான். சீசன் முடிவதற்குள் கவர்னர் வீட்டு விருந்தாளிகள் யாரோ வருவதாக இருந்தது. அன்றைக்கு வாசிக்கவேண்டும். மற்ற வாத்தியங்களுக்கு உள்ளதையெல்லாம் மாஸ்டர் பியானோவில் வாசிப்பார்.

முதல் நாள் நான் தொடங்கினேன். என் வரியைச் சொல்லி முடித்தேன். அவன் உள்ளே வந்தான். அந்தக் கணத்தில் என் பிடரியில் மயிர் குத்திட்டு நின்றது. நான் சொன்னதையே சொல்லிக்கொண்டு, எனக்கு மேலே ஏறிக்கொண்டு வருகிறான். நான் கூப்பிட்டேன், அவன் திரும்பிவிட்டான். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்கவேண்டும். வில் தந்தியில் பட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஒருவனை ஒருவன் குத்திச் சாய்க்கிற வேகத்தில் வாசித்தோம். பியானோ எங்களைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடிவந்தது. முடிந்ததும் மாஸ்டர் பிரம்பைத் தேடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "காட்டு மிருகம்" என்றார். பிறகு, "இன்னொரு தடவை" என்றார்.

எனக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் அந்தப் பாட்டுதான். வயலில் களை எடுக்கிற பெண்கள் நான் வரப்பில் தலையை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நடுப் பாகத்தில் அவன் வழுக்குவதுகூட எனக்குப் பழகிப்போயிற்று. பழகிப்போயிற்று என்று சொல்வது பொய். ஒரு நாள் மாஸ்டருக்குப் பயந்து அவன் நேராக வாசித்தான். எனக்கு அது வெறிச்சென்று இருந்தது. அவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவன் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை, எனக்கு அந்தப் பாட்டு வேண்டும். இதுதான் உண்மை.

அந்த வருஷம் சாரல் கொட்டித் தீர்த்தது. அருவியில் மரம் மரமாக அடித்துக்கொண்டு வந்தது. செத்த மிளா மான் ஒன்று மேலேயிருந்து விழுந்து பாறையில் சிதறியதைக் குளிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, துணியை விட்டுவிட்டு ஓடினார்கள். விருந்தாளிகள் வரச் சில நாட்களே இருந்தன. அன்று மத்தியானம் நான் பங்களாவின் பின்பக்கம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு என் தம்பி வந்து நின்றான். அப்பா செத்தபோது தொட்டிலில் கிடந்தவன். இதற்குள் மீசை முளைத்துவிட்டிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு நீ வெளிச்சத்தோட ஊருக்கு வராதே. இங்கனயே இருந்துக்கோ" என்றான்.

"ஏன்லே?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கால்வாய்ப் பாலத்துக்கு அடியில நான் இருப்பேன். அம்மா விபூதி பூசி விட்டுட்டா" என்றான். போய்விட்டான்.

எனக்குத் தம்பி மேல் கோபம் வரவில்லை. அது அவனுடைய உரிமை. மூத்தவன் வயலினைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், இளையவனாவது செய்யட்டும் என்று அம்மா முடிவு செய்திருக்கிறாள். ஜமீன்தாரிடம் சொன்னால் அவர் போலீசைக் கூப்பிடுவார், தம்பி கம்பி எண்ணுவான். மாஸ்டரிடம் சொன்னால் அவருக்கு விளங்காது. அந்த வயலின்காரனிடமே சொல்லவேண்டும் என்றால் பேசவேண்டும். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் பொழுது சாயும்போது அந்தப் பாட்டு பாலத்தடியில் வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. நான் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். தப்பு வந்தால் மாஸ்டர் விடமாட்டார், திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார், இருட்டிவிட்டால் எல்லாரும் பங்களாவிலேயே படுத்துக்கொள்வோம். இதுதான் என் யோசனை. மூன்றாம் பாகத்தில் ஒரே இடத்தில் தட்டுத் தடுமாறிக்கொண்டே இருந்தேன். முட்டியில் பிரம்படி விழுந்தது. வீங்கிப்போகிற வரைக்கும் விழுந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தப்பு செய்கிறவன் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவன் முகம் இறுகியது. அவன் என்ன நினைத்தான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இவன் கை நடுங்குகிறது, இன்றைக்குத்தான் நாள் குறித்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறான்.

மாஸ்டர் கடைசியில் அலுத்துப்போய்ப் பியானோவை அடித்து மூடிவிட்டார். "போங்கோ எல்லாரும்" என்றார். வெளிச்சம் இன்னும் இருந்தது.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். நான் என் வயலினையும் பெட்டியையும் நாற்காலியிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு பின்னால் ஓடினேன். பெட்டியோடு போனால் அவன் தப்பாக நினைப்பான் என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அதற்கு மேல் இல்லை. சாரல் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. அருவிச் சத்தத்தில் என் காலடி எனக்கே கேட்கவில்லை. தோப்பைத் தாண்டிக் கால்வாய்க் கரை ஏறுகிற இடத்தில் அவனை எட்டிப் பிடித்தேன்.

கூப்பிடவேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்றவனை நான் ஒரு தடவைகூட எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுகிற முறை இல்லை, என்னைவிட மூத்தவன். "ஏலே" என்று கூப்பிடவும் முடியாது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"மச்சான்" என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். திரும்பும்போதே பெட்டி திறந்து வயலின் கீழே விழுந்தது. அரிவாள் மட்டும் கையில் இருந்தது. முறை சொல்லிக் கூப்பிட்ட பகைவனுக்கு அவன் வேறு என்ன பதில் சொல்வான்? நான் இடது கையைத் தூக்கினேன். அதற்குள் விழுந்துவிட்டது. வலி தெரியவில்லை. கையில் ஏதோ கனம் குறைந்த மாதிரி இருந்தது. கீழே சேற்றில் என் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடந்தன. நடுவிரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டாம் வெட்டுக்கு ஓங்கிவிட்டான். அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை.

"பாலத்துக்குப் போவாதிய. என் தம்பி நிக்கான்" என்றேன்.

அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அரிவாளைக் கால்வாயில் வீசினான். தலைத்துண்டை உருவி என் கையை இறுக்கிக் கட்டினான். குனிந்து, சேற்றில் எதையோ தேடினான். விரல்களை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது. என் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பட்ட குதிரை வண்டியை மறித்து, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வண்டி போகிற வழியெல்லாம் என் கையை அவன் இறக்கவில்லை. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. அவனுடைய வயலின் கரையிலேயே மழையில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி வெட்டுப்பட்டது என்று கேட்டார்கள். இளநீர் வெட்டும்போது கை தவறிவிட்டது என்றேன். அவன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

அம்மாவிடமும் அதே இளநீரைச் சொன்னேன். அவள் கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள். எத்தனை வெட்டு பார்த்தவள். "இளநி வெட்டுனா நுனி போவும். இது மேலேருந்து எறங்கின வெட்டு. யாருலே?" என்றாள். தம்பி அவள் பின்னால் நின்றான். பாலத்தடியில் மழை முழுக்க நனைந்து, ஆளைக் காணாமல் திரும்பியவன். அவன் கண் சிவந்திருந்தது.

நான் சொல்லிவிட்டேன். யார் வெட்டினது என்று சொன்னதும் தம்பி அரிவாளை எடுக்கப் பரணுக்குக் கையை நீட்டினான். அம்மா அவனைப் பார்க்காமலே கையால் தடுத்தாள்.

"நீ அவனை என்னன்னு கூப்பிட்ட?" என்று என்னைக் கேட்டாள்.

"மச்சான்னு கூப்பிட்டேன்."

"பின்னாலேருந்தா?"

"ஆமா."

"திரும்பினானா?"

"திரும்பினான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியிடம், "அரிவாளை வையி. முடிஞ்சுபோச்சு" என்றாள். "நம்ம வீட்டுலேருந்து கூப்பிட்டாச்சு. திரும்பினவன் வெட்டிட்டான். இனிமே கூப்பிட நமக்கு வழியில்லை."

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அது கூப்பாடு இல்லை, எச்சரிக்கை செய்யப் போனது என்றான். கையில் ஆயுதமே இல்லை என்றான். சுவரில் தலையை முட்டிக்கொண்டான். என்னைக் கழுத்தைப் பிடித்து நெரித்தான், அம்மாதான் விலக்கினாள். "மனசுல என்ன இருந்துச்சுன்னு எவன் பாக்கான்? வாயில வந்ததுதான் கணக்கு. கோர்ட்டுல நான் மறைச்சேனா? இங்கனயும் மறைக்க மாட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்கப்பன் பழிய ஒத்த வார்த்தையில தின்னுட்டியே" என்றாள். அதற்குப் பிறகு என் இலையில் அவள் கையால் சோறு போட்டதில்லை. வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

விருந்தாளிகள் வந்தார்களாம். கவுன் போட்ட பெண்களின் நடனப் பாட்டை வாசித்தார்களாம். நான் அந்தப் பாட்டுக்காக ஒரு பழியையும் மூன்று விரலையும் கொடுத்தேன், அந்தப் பாட்டு யார் காதிலும் விழவில்லை. இதை நினைத்து எத்தனையோ நாள் வெறி பிடித்த மாதிரி கத்தியிருக்கிறேன். என் வயலினை நானே சுவரில் அடித்து உடைத்தேன். அம்மா அதை அடுப்பில் வைத்துச் சோறு பொங்கினாள்.

யுத்தம் வந்தது. ஜமீன்தார் பேண்டைக் கலைத்தார். வெட்ட ஆள் கிடைக்காத தம்பி பட்டாளத்தில் சேர்ந்தான். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தேன், அம்மா என்னோடு வந்து இருந்தாள். அவன் மறுபடியும் நாடகக் கம்பெனிகளோடு சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். பார்க்கவில்லை.

யுத்தம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து, "அவன் நிக்கான்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எவன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். தெருவில், எங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் வயலின். தலை பாதி நரைத்திருந்தது. கூப்பிட வசதியாக முதுகைக் காட்டி நிற்கிறான் என்று எங்கள் ஆட்கள் எவனுக்கும் பார்த்தவுடன் புரியும். வயலினைத் தோளில் வைத்து, வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். நடுப் பாகத்துக்கு நிற்கிற நிலை அது. இரண்டாவது வயலின்தான் தொடங்கவேண்டும்.

அம்மா என் பின்னாலிருந்து செம்பை வீசினாள். பித்தளைச் செம்பு. அவன் பின்மண்டையில் பட்டு, தெருவில் உருண்டது. காதோரம் ரத்தம் இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. அவன் திரும்பவில்லை. வில்லைத் தாழ்த்தவும் இல்லை.

என்னிடம் வயலின் இல்லை, விரல் இல்லை. வாயால் தொடங்கினேன். வாத்தியார் தொண்டை, கரகரவென்றுதான் வந்தது. என் வரியைச் சொல்லி முடித்தேன். அவன் உள்ளே வந்தான், வந்துகொண்டே திரும்பினான். கையில் வயலினும் வில்லும் மட்டும்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் ஒரு சுரம் தவறவில்லை. வழுக்குகிற இடங்களில் எல்லாம் வழுக்கினான். தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நாங்கள் முடிவுவரை போனோம்.

முடிந்தபோது அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அந்தப் பாட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதுக்காகவாலே உங்கப்பனைக் குடுத்த?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தெருவில் இறங்கி, ஒடுங்கிப்போன செம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினாள். அவன் மண்டையைக் கழுவப் போனான். "குடிக்கத் தந்தேன்" என்றாள்.